காற்றில் வைத்த பெயர்

மவ்ரோலிதி பள்ளிக்கூடத்து வாத்தியார் மெனெலாஸ் இறந்து கால் மணி நேரம் கழித்து, அவருடைய ஆன்மா வாய்வழியாக வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆன்மா என்று ஒன்று கிடையாது என்று சொன்னது. அக்ரூட் அறுவடை முடிந்த வாரம் அது. விலை போன வருஷத்தைவிடக் குறைவு. உடலைக் கழுவ வந்திருந்த மூன்று பெண்களும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். மற்ற இருவரும் அதைச் சாண்போட்டு அளந்து, அன்று பிறந்த குழந்தை அளவு என்று பிற்பாடு ஊருக்குச் சொன்னார்கள். எங்கள் கோயில் சுவரில் தேவமாதாவின் மரணத்தை வரைந்திருக்கும் இடத்தில், கர்த்தர் தம் தாயின் ஆன்மாவைத் துணியில் இறுகச் சுற்றிய சிசுவாகக் கையில் ஏந்தியிருப்பார். அதே மாதிரிதான் இதுவும் கழுத்திலிருந்து பாதம்வரை வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டிருந்தது. முகம் மட்டும் வாத்தியாருடையது: நரைத்த மீசை, மூக்கில் கண்ணாடி பதிந்த தழும்பு, எதிரே இருப்பவன் தப்பாகத்தான் சொல்லப்போகிறான் என்று காத்திருக்கும் புருவம். ஜன்னல் வழியே குளிர்காற்று வந்ததால் விதவை எவந்தியா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதைக் கீழே வைக்க அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

கடவுளைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு. மழை பெய்தால் காப்பிக்கடையில் வேறு என்னதான் பேசுவது? கடைக்காரர் பந்தெலிஸைப் பொறுத்தவரை கடவுள் காட்டிலாகா அதிகாரி மாதிரி. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், அக்கம்பக்கத்தார் போட்டுக்கொடுத்ததை மட்டும் தெரிந்துவைத்திருப்பார். பாதிரியார் யெராசிமோஸ், ஆன்மா கூண்டுப் பறவை என்று முப்பது வருஷமாக ஒரே உவமையை ஞாயிறுதோறும் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார், ஆன்மா என்பது கொதிக்கிற பானையின் ஆவி, அடுப்பை அணைத்தால் தீர்ந்தது என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் செலவில் புத்தகமும் போட்டார். அதன் பிரதிகள் மேசைக்கால் ஆடாமலிருக்க இன்றைக்கும் கடையில் உதவுகின்றன. எவந்தியாவுக்கும் ஒரு கருத்து இருந்தது, யாரும் கேட்காததால் சொன்னதில்லை. கடவுள் என்பவள் பிள்ளைகள் அதிகமான ஒரு தாய். ஊற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒன்றை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். எண்ணிப் பார்க்கிற அன்றைக்குத் தலைவிரிகோலமாக ஓடத்தான் போகிறாள்.

செத்தவருக்கு நாற்பது நாள். அதற்குள் ஆன்மா கிளம்பிவிட வேண்டும் என்பது வழக்கம். சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து கோதுமை அவித்துக் கோயிலில் வைத்தார்கள்; பாதிரியார் பாடவேண்டியதையெல்லாம் பாடினார். வாத்தியார் எவந்தியாவின் மடியில் இருந்தபடியே, பாட்டில் இலக்கணப் பிழை இருப்பதாகச் சொன்னார். நாற்பது கழிந்தது, அவர் கிளம்பவில்லை. இல்லாத ஒன்று எங்கே கிளம்பும் என்று கேட்டார். பழக்கப்படி காலை பதினொரு மணிக்கு அவரைக் காப்பிக்கடைக்குத் தூக்கிப்போக வேண்டும்; இல்லையென்றால் வீட்டில் இருப்பு கொள்ளமாட்டார். ஆண்கள் மட்டும் உட்காரும் கடை என்பதால் எவந்தியா அவரை நாற்காலியில் சாய்த்துவைக்கச் சொல்லி வாசலிலேயே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே அடுக்கிய விறகின்மேல் உட்கார்ந்திருப்பாள்.

"வாத்தியாரே, நீங்க செத்துட்டீங்க. பெட்டியைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். தோள்பட்டை இன்னும் வலிக்குது" என்பார் பந்தெலிஸ்.

"யார் இல்லேன்னது? செத்தது நான்தான்."

"அப்ப பேசுறது யாரு?"

"உன் சாராயம் பேசுது. மட்டமான சரக்கைக் கலக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஊர் அதற்குப் பழகிவிட்டது. அந்த வருஷம்தான் கீழூருக்கு பஸ் வந்தது. ஊர்க்காரர்கள் பஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார்கள்.

எவந்தியாவுக்குப் பழகவில்லை, ஏனென்றால் அந்த எடை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த எடை. அவர்களுக்கு ஒரே ஒரு குழந்தை, ஆண் குழந்தை, பிறந்தது. ஜெர்மன்காரர்கள் போய், எங்களுக்குள் நாங்களே சுட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்த குளிர்காலம். பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது, பாதிரியார் கீழூரில் மாட்டிக்கொண்டிருந்தார், குழந்தை மாதம் நிறையாமல் நீலம் பாரித்துப் பிறந்தது. இப்படிப்பட்ட சமயத்துக்கென்று எங்களிடம் ஒரு வழி உண்டு. சாகக் கிடக்கிற குழந்தையை யாராவது ஒருவர் காற்றில் மூன்று முறை தூக்கி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, ஒரு பெயரையும் வைத்துவிட்டால் போதும். தண்ணீருக்குப் பதில் காற்று, அது ஞானஸ்நானம்தான். ஞானஸ்நானம் ஆகும்வரை எங்கள் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. எவந்தியா காய்ச்சலில் கொதித்துக்கொண்டே, "தூக்குங்க வாத்தியாரே, மூணே மூணு தடவை, வாயில வந்த பெயரைச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். ஊரார் போலவே அவளும் கட்டிய நாளிலிருந்து அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டாள். வாத்தியார் காற்றில் நைட்ரஜன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. விழித்தபோது குழந்தை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"தூக்கினீங்களா?" என்று கேட்டாள்.

"நான் என்ன கழைக்கூத்தாடியா?" என்றார் வாத்தியார், எல்லோர் முன்னிலையிலும்.

அந்த வாக்கியம் பனி உருகுமுன்பே பாதிரியாரின் காதுக்குப் போய்விட்டது. அப்போது அவருக்கு இளம் வயது. விதிமுறைகள்மீது புது மாப்பிள்ளைக்குரிய ஆசை. ஞானஸ்நானம் இல்லை, ஆகவே பெயர் இல்லை, ஆகவே பாட்டு இல்லை, ஆகவே கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இடமில்லை என்றார். வாத்தியாரோ, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண் ஒன்றுதான், வேண்டுமானால் பரிசோதித்துக்கொள்ளலாம் என்றார். குழந்தையைச் சுவருக்கு வெளியே காட்டுப் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தார்கள். இரண்டு கொள்கைகளுக்கும் அன்று ஒரு கீறல்கூட விழவில்லை. இருவரும் திருப்தியாக வீடு திரும்பினார்கள்.

வாத்தியார் செத்த மறு வசந்தத்தில் ஆயர் வந்தார். செத்தவன் காப்பிக்கடையில் நாத்திகம் பேசுவது மறைமாவட்டத்துக்கே கேவலம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கறுப்புக் கார் சேற்றில் சிக்க, ஆறு பேர் தள்ளிவிட, ஆயர் ஆட்டுத்தொடை தின்று முடித்து, கோயிலில் நின்று இரண்டு மணி நேரம் பேசினார். ஆன்மாவுக்கு உடல் இல்லை, நிறம் இல்லை, எடை இல்லை, குறிப்பாக மீசை இல்லை. ஆகவே அந்த அம்மாள் மடியில் இருப்பது ஆன்மா அல்ல. அது உடலும் அல்ல, ஏனென்றால் உடலை முறைப்படி புதைத்தாயிற்று. உடலும் அல்லாமல் ஆன்மாவும் அல்லாமல் மனிதனிடம் மூன்றாவது எதுவும் கிடையாது என்று திருச்சபை சொல்வதால், அது இல்லை. இதுவே தீர்ப்பு.

"அங்கி போட்டவங்க வாயிலேர்ந்து நான் கேட்ட முதல் அறிவுள்ள பேச்சு" என்றார் வாத்தியார்.

பாராட்டில் நெகிழ்ந்த ஆயர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். எதிரே யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் அந்தக் கையால் தாடியைத் தடவிக்கொண்டார். கூட்டம் கலைந்தபோது எவந்தியா பக்கத்தில் நின்றவளிடம், "ரெண்டு பேரும் படிச்சவங்க, ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. கை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருக்கிறது நான் ஒருத்திதான்" என்றாள்.

எங்கள் மலைப்பக்கம் செத்தவர்களுக்கு மண்ணில் மூன்று வருஷம்தான். பிறகு தோண்டியெடுத்து, எலும்பைத் திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் போட்டு, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையில் அடுக்கிவிடுவோம். குடும்பத்துக்கு ஒரு பெட்டி. வாத்தியாரின் முறை வருவதற்கு ஒரு மாதம் முன்பே எவந்தியா பாதிரியார் வீட்டுக்குப் போய், பேரிக்காய் மரத்தடியில் இருப்பதையும் அதே பெட்டியில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் அவரிடம் கேட்டது அந்த ஒன்றுதான். பாதிரியாருக்கு இப்போது வயதாகியிருந்தது, முழங்கால் வலி, இரண்டு பேத்திகள், மனசு இளகாமலில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் தான் சொன்னது தவறு என்று ஆகிவிடுமே. "பெட்டி மேல பெயர் எழுதணும் எவந்தியா. பெயரில்லாத ஒண்ணை எப்படி எழுதுறது?" என்று அன்பாகவே கேட்டு, ஒரு தட்டு அத்திப்பழம் கொடுத்தனுப்பினார்.

குழி திறந்த அன்று ஊரே கூடியிருந்தது. நாத்திகனின் உடம்பு மக்கியிருக்காது, கறுத்துப்போய் முழுசாகக் கிடக்கும் என்று பந்தெலிஸ் ஒரு குடம் மது பந்தயம் கட்டியிருந்தார். மக்காத பிணம் மன்னிக்கப்படாத பிணம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எலும்புகள் வந்தன. தேன்மெழுகு நிறம். இப்படிப்பட்ட எலும்பைப் பார்த்துப் பல வருஷமாகிறது என்று கழுவுகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் தோண்டிய கோயில் தர்மகர்த்தாவின் எலும்பு அடுப்புக்கரி மாதிரி வந்திருந்தது. "இந்த மனுஷன் யாருக்கும் தெரியாம என்னமோ ஒரு புண்ணியம் பண்ணியிருக்கான்" என்றாள் ஒருத்தி. "மண்ணில் சுண்ணாம்புச் சத்து" என்றார் வாத்தியார். பந்தயம் முடிந்ததென்று ஆண்கள் பாதிரியாரோடு காப்பிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"நீங்களே பாருங்க வாத்தியாரே" என்று எவந்தியா அவரைத் தலைக்குமேல் தூக்கிக் குழியைக் காட்டினாள். மூன்று வருஷமாக மார்போடு அணைத்துத்தான் தூக்கியிருக்கிறாள்; உயரத் தூக்கியது அதுதான் முதல் தடவை. வாத்தியாரின் முகம் வெளிறியது. பின்னால் நின்ற பெண்களும் பார்க்கட்டும் என்று இறக்கி, மறுபடி தூக்கினாள். "வேண்டாம், கீழே விடு" என்றவர் அழ ஆரம்பித்தார். மீசை வைத்த கிழவனின் அழுகை அல்ல அது. மூச்சு எட்டாத, பூனைக்குட்டி போன்ற, பிறந்த குழந்தையின் அழுகை. அந்தக் குரலை எவந்தியா வாழ்நாளில் ஒரே ஒரு பிற்பகல் கேட்டிருந்தாள். மூன்றாவது தடவை அவள் தெரிந்தேதான் தூக்கினாள்.

"தூக்கினியா?"

அதுவரை அவரை அவள் நீ என்று சொன்னதில்லை.

"தூக்கினேன்."

"எத்தனை தடவை?"

"மூணு. நீ கண்ணை மூடிட்டே. அது மூச்சுக்குத் தவிச்சுது. கை தானாத் தூக்கிடுச்சு எவந்தியா, நான் தூக்கல."

"ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ சாமிகிட்ட சொல்வே. சாமி கடையில சொல்வார்."

"சொன்னா?"

"சிரிப்பாங்க" என்றார் வாத்தியார்.

எவந்தியா கையில் ஒட்டியிருந்த மதுவைக்கூடத் துடைக்கவில்லை. நேராகக் காப்பிக்கடைக்குள் நுழைந்தாள். எங்கள் ஊரில் ஒரு பெண் அந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பந்தயத்தில் தோற்ற குடம் நடுவில் இருந்தது, பாதிரியாரும் இருந்தார், பகடை உருண்டுகொண்டிருந்தது. வாத்தியாரை மேசைமேல் வைத்து, "சொல்லு" என்றாள். அவர், ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார். மறுபடி தூக்கப்போகிறவள் போல அவள் கையை அவர் இடுப்புக்குக் கொண்டுபோனதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலில் பந்தெலிஸ் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "வாத்தியாரே, நீங்களா? பிதா சுதன்னா? கீழே போடாம பிடிச்சீங்களா?" என்று ஒருவன் மேசையைத் தட்டினான். முப்பது சொச்சம் வருஷம் அவர் பயந்த சிரிப்பு அதுதான். அது ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட நீடிக்கவில்லை. யாரோ பகடையை எடுக்க, மற்றவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.

"கேட்டீங்கல்ல சாமி? உள்ள கொண்டு வரலாமா?" என்றாள் எவந்தியா.

பாதிரியார் தாடியைக் கோதினார். "நான் கேட்டேன்தான். ஆனா யார் சொல்லிக் கேட்டேன்? இங்க யாரும் இல்லைன்னு ஆயர் தீர்ப்பு சொல்லியாச்சே. இல்லாதவர் சாட்சி சொல்ல முடியாதும்மா."

"தர்க்கப்படி அவர் சொல்றது சரி" என்றார் வாத்தியார். வாய்ப் பழக்கம், சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பாதிரியார் எழுந்து போகும்போது, மனசு கேட்காமல் திரும்பி, "ஆமா, என்ன பெயர் வச்சீங்க?" என்று கேட்டார். கடையில் பகடை நின்றது. எவந்தியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நிமிஷம் சுவரும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். அது ஒன்று போதும். வாத்தியார் வாயைத் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார். அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று தனக்குத் தானே தினம் பாடம் நடத்தியதில், நல்ல மாணவன் மாதிரி அவரே அதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லை" என்றார்.

எவந்தியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "இதை நீங்களே வச்சுக்குங்க. உங்களுக்குத்தான் இவர் பேச்சு பிடிக்கும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வெளியே போனாள். அன்று மாலை ஒரு மண்வெட்டியோடு பேரிக்காய் மரத்தடியில் தோண்டினாள். அவ்வளவு சின்ன எலும்பு அவ்வளவு வருஷம் காத்திருக்காது. குழந்தையைச் சுற்றிய துணியில் குத்தியிருந்த ஊசி மட்டும் கிடைத்தது. அதை உடுப்பின் உட்புறம் குத்திக்கொண்டு குழியை மூடினாள்.

அதன்பிறகு அவள் செய்த காரியத்தை ஊர் பைத்தியம் என்றது, ஆனால் வந்து சாப்பிட்டது. எங்களிடம் பிறந்தநாள் பெரிதில்லை, பெயர்நாள்தான். எந்தப் புனிதரின் பெயரோ அவருடைய திருநாளில் வீட்டைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுப்போம். தன் மகனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை என்று எவந்தியாவுக்கு இப்போது தெரிந்திருந்தது. ஆகவே நாள்காட்டியில் ஆண் புனிதர் எவர் வந்தாலும் அன்று அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வசீலியோஸ் நாளில் சீமைமாதுளை இனிப்பு, அந்தோனியோஸ் நாளில் தேனில் பொரித்த மாவுருண்டை, யாருமே பெயர் வைத்துக்கொள்ளாத ஏதோ பாலைவனத் துறவியின் நாளில்கூட ஒரு தட்டு பாதாம். வருகிறவர்கள் வழக்கப்படி, "நீண்ட காலம் வாழட்டும்" என்று வாழ்த்திவிட்டு விரலை நக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வருஷம் அவள் ஆடுகளை விற்றாள், மூன்றாவது வருஷம் கீழ்ப்பக்கத்து அக்ரூட் தோப்பை. ஞானஸ்நானம் ஆகாததற்குப் பெயர்நாள் கொண்டாடுவது முறையல்ல என்று பாதிரியார் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்தார். செவ்வாயன்று அவருடைய பேத்திகள் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

அவள் ஒரு பிப்ரவரியில், யாருடைய நாளும் அல்லாத நாளில் இறந்தாள். சுவருக்கு வெளியே மரத்தடியில் புதைக்கச் சொல்லியிருந்தாள். அவ்வளவு நல்ல கிறிஸ்தவப் பெண்ணை வெளியே போடுவதாவது என்று, மரியாதையோடு, மூன்று பாதிரியார்கள் பாட, கோயிலுக்கு மிக அருகில் உள்ளே புதைத்தோம். ஊரில் ஒருவர்கூட அதை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதற்கு முன்பே, உடலைக் கழுவிய பெண்கள் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். அவளுடைய ஆன்மாவும் அதே அளவில், அதே துணியில் சுற்றித்தான் வெளியே வந்தது. அது பேசவில்லை. யாராவது தூக்கட்டும் என்று காத்திருக்கவுமில்லை. துணியைத் தானே பிரித்து ஒழுங்காக மடித்துக் கட்டிலின்மேல் வைத்தது, இறங்கியது, கல்லறைத் தோட்டத்துச் சாலையில் நடந்தது. சுவரைத் தாண்டி, பேரிக்காய் மரத்தையும் தாண்டி, ஊற்றுக்குப் போகிற பாதையில், கொஞ்சம் முன்னால், அதைவிடச் சின்னதாக இன்னொன்று நடந்துபோய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் நின்றிருக்கும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? ஆகவே இது நடையை மட்டும் எட்டிப்போட்டது. கடைசிவரை எட்டிப் பிடித்ததாக யாரும் சொல்லவில்லை.

வாத்தியார் இப்போதும் காப்பிக்கடையில்தான் இருக்கிறார். காலையில் அவர் முன்னால் ஒரு காப்பி வைக்கிறார்கள், மத்தியானத்துக்குள் வற்றிவிடுகிறது; ஆவியாவதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது என்கிறார். உள்ளே நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஒரு பெயரைச் சொல்வது பழக்கமாகிவிட்டது. "ஸ்தேர்யோஸ்?" என்று கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றுவார்கள். அவர் கண்ணை மூடி யோசித்து, "இல்லை" என்பார். "புரொகோபிஸ்?" இல்லை. வெளியூர்க்காரர்கள் மேசைமேல் இருப்பது என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார் பந்தெலிஸ், வாத்தியாரும் தலையசைத்து ஒப்புக்கொள்கிறார். கடையைக் கூட்டும்போது அவரைத் தூக்கி அலமாரியில் வைக்க வேண்டியிருக்கிறது. தாழ்வாகத் தூக்கினால் தொந்தரவு இல்லை. மறந்துபோய் உயரத் தூக்கிவிட்டால் அழுகிறார், அது ஓய்கிறவரை பகடையை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறோம்.